அடைப்பு என்று சொன்னார்

மார்ச் 21, வெள்ளி

இந்த டைரி ஜவுளிக்கடையில் அவருக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் தன் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறார். வெள்ளைச்சாமி, பேரூராட்சி, தண்ணீர் திறப்பு. அதற்கு அப்புறம் எல்லாப் பக்கமும் வெள்ளை. நான் அஞ்சாவது வரை படித்தவள். பிழை இருந்தால் இருக்கட்டும், யார் படிக்கப் போகிறார்கள்.

பதினாறு முடிந்து மகள் செல்வராணி திருப்பூருக்குப் போய்விட்டாள். கம்பெனியில் அதற்கு மேல் லீவு கிடையாதாம். வீட்டில் நான், கிரைண்டர், கதவுக்குப் பின்னால் அவருடைய சாவி. சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. என் தோள் உயரத்துக்கு இரும்புக் கம்பி, மேலே குறுக்காகப் பிடி. ரோட்டோரக் குழிக்குள் இறக்கி வால்வைத் திருகுவார். திருகினால் எங்கள் ஊருக்குத் தண்ணீர்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். இந்த மாதம் நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை டீக்கடை முக்கில், வால்வுக் குழிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர்தான் ஆட்டோவில் ஏற்றி என்னையும் கூட்டிப் போனார். பெரியாஸ்பத்திரியில் கை நரம்பு வழியாகக் குழாய் விட்டு நெஞ்சில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். எடுத்ததும் தண்ணீர் கேட்டார் என்று நர்சு சொன்னது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தறிகெட்டு அடித்ததாம். அதோடு சரி.

திறக்கிற வரைக்கும் உயிரோடு இருந்த மனுசன். திறந்ததும் போனார். நான் பார்த்தது அதுதான்.

அன்று காலையில் எனக்குப் போன் பண்ணினார். அடைப்பு என்று சொன்னார். சரி என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

இன்றைக்குக் கிரைண்டரைக் கழுவிப் போட்டேன். தெருவில் இட்லி மாவு கேட்கிறார்கள். துக்க வீடு என்று கேட்காமல் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உளுந்தை ஊறப் போட்டேன். அரிசிப் பானையைத் திறந்தேன், மூடிவிட்டேன். பக்கத்து வீட்டம்மா வந்து அரிசியைக் களைந்து போட்டுவிட்டுப் போனது.

மதியம் கொழுந்தன் சோலையப்பன் வந்தார். அண்ணன் வேலையை இப்போதைக்கு அவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சாவியை எடுக்க வந்தார். எடுக்காமல் கொஞ்ச நேரம் அதன் பிடியைத் தடவிக்கொண்டே நின்றார். காபி போடவா என்றேன், வேண்டாம் என்றார்.

அண்ணன் கடைசியாக யாரிடம் பேசியது என்று கேட்டார். என்னிடம்தான் என்றேன். என்ன சொன்னது என்றார். எப்போதும் சொல்வதுதான் என்றேன். பொய் இல்லை. எந்தத் தெருவில் பைப்பு அடைத்தாலும் எனக்குப் போன் வரும். "அடைப்பு இருக்கு பேச்சி." அவ்வளவுதான் சொல்வார். சாப்பாட்டை மூடி வை, நேரமாகும் என்று அதற்கு அர்த்தம்.

அன்றைக்கு "அடைப்பு மாதிரி இருக்கு" என்றார். மாதிரி என்றது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மார்ச் 28, வெள்ளி

மாவு புளிக்கவில்லை. கை சரியில்லை.

ஏப்ரல் 2, புதன்

முப்பது. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சு அவரைப் பற்றியே சுற்றியது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நல்லாத்தானே இருந்தார், சைக்கிளில் போய் வந்தாரே என்றார்கள். என் மாமியார் வகையில் ஒரு பெரியவர், எண்ணெய்ப் பலகாரம்தான் காரணம் என்று சொல்லிவிட்டு இரண்டாவது வடையை எடுத்தார்.

நான் சொன்னேன், அதெல்லாம் இல்லை, ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள், அதனால்தான் என்று. எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். பொண்டாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சோலையப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு பாத்திரம் துலக்கினேன். சொல்லிவிட்டதில் கொஞ்சம் லேசாக இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

தண்ணீர் வந்தது. குழாயில் முதலில் காற்று உஸ் என்று வரும். பிறகு கக்கும். பிறகு செம்மண் கலராக வரும். அப்புறம்தான் தண்ணீர்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை ரொம்ப நாள் காய்ந்து கிடந்த லைனை அவர் ஒரே மூச்சில் திறந்துவிட்டார். வாத்தியார் வீட்டு வாசலில் பைப்பு வெடித்து, ரோடே பிளந்து, இவர் தலை முழுக்கச் சேறு. ஆபீசில் வாங்கிய ஏச்சை வீட்டில் வந்து நடித்துக் காட்டினார். நான் சிரித்தேன். அதற்கப்புறம் காய்ந்த லைன் என்றால் அவர் கை மாறிவிட்டது. கொஞ்சம் திருகுவார். காற்று போகிறதா என்று காதை வைத்துக் கேட்பார். மூடுவார். திரும்பத் திருகுவார். கூடப் போய் நின்றால் எனக்குக் கோபம் வரும். வயதான மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி இதென்ன என்பேன். "காஞ்ச பைப்புக்குத் தண்ணியே ஒரு அடிதான், பேச்சி" என்பார்.

இது தெரிந்த மனுசனின் அடைப்பை இது தெரியாதவர்கள் திறந்துவிட்டார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஓரகத்தி ஈசுவரி ஓடி வந்தாள். சோலையப்பனுக்கு வால்வு திருகும்போது மார்பில் பாரமாக இருந்ததாம். உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறதாம், எழுந்து திருகினால் வந்துவிடுகிறதாம். கொஞ்ச நாளாகவே இருந்திருக்கிறது, இவளிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துவிட்டு, குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், ரத்தக் குழாய் சுருங்கியிருந்தால் அப்படியே பலூன் வைத்துத் திறந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம் அவரே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, வாசப்படியில் உட்கார்ந்தார்.

"மதினி, நீங்க சொல்லுங்க. போகவா வேணாமா?"

நான் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போக வேண்டாம் என்றேன். மாத்திரை கொடுத்தால் போடுங்கள், திறக்க மட்டும் விடாதீர்கள் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பயந்துபோய் இருந்திருக்கிறார். நான் சொல்வதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஈசுவரி தனியாக வந்தாள். மாவு வாங்குகிற மாதிரி தூக்குச்சட்டியோடு வந்தாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு வார்த்த மாத்திச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அந்த மனுசன் கேட்கும். ராத்திரியெல்லாம் அவுக மூச்சையே கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

என் கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னேன் என்றேன். அவள் என் கையை விட்டாள். மாவு வாங்காமலே போய்விட்டாள். சட்டி இங்கேயே கிடக்கிறது.

என் கண்ணால் பார்த்தது என்னவென்றால், ஆஸ்பத்திரி பெஞ்சியில் உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மா வெளியே வந்தது. "ரத்தக் குழாயில அடைப்பு" என்றது. அந்த ஒரு வார்த்தை கேட்டதும் எனக்குக் காது அடைத்துப்போனது. அதற்கு மேல் அது சொன்னது எதுவும் கேட்கவில்லை. வலி எப்போது ஆரம்பித்தது என்று நர்சு கேட்டது மட்டும் கேட்டது. இப்பத்தான், டீக்கடை முக்கில் உட்காரும்போதுதான் என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

ஈசுவரி சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மே 5, திங்கள்

டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். கேட்டுவிட்டு வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்பதற்கா போனேன். ஏசத்தான் போனேன். பஸ்ஸில் போகும்போதே என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மத்தியானம் வரைக்கும் உட்கார வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். சின்னப் பொண்ணு மாதிரிதான் இருக்கிறது அந்த டாக்டரம்மா. மேசையில் பாதி தின்ற பன்னு. என்னைப் பார்த்ததும் அதை மறைக்கப் பார்த்தது. நான் நின்றபடியே சொன்னேன். ஒரேயடியாகத் திறந்துவிட்டீர்கள், என் வீட்டுக்காரர் காய்ந்த லைனை எப்படித் திறப்பார் தெரியுமா என்று, கையால் திருகிக் காட்டிச் சொன்னேன். கொஞ்சம் திறந்து, மூடி, திரும்பத் திறந்து.

அது சண்டைக்கு வரவில்லை. உட்காரச் சொன்னது.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ரத்தம் இல்லாமக் கெடந்த சதைக்கு, ரத்தம் திரும்பி வர்றதே ஒரு அடி. அது எங்களுக்கும் தெரியும்."

அதற்கு மேல் அது சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். இவர்களும் அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களாம். உள்ளே திறந்ததும் பலூனை ஊதி, விட்டு, ஊதி, விட்டு ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பார்த்தார்களாம். கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கட்டி இறுக்கி இறுக்கி விட்டால் நெஞ்சு தாங்கும் என்றும் பார்த்தார்களாம். மருந்துகளும் பார்த்தார்களாம். மிருகங்களுக்கு நன்றாகக் கேட்டதாம். மனுசரில் ஏகப்பட்ட பேருக்குச் செய்து பார்த்ததில் உயிரைக் காப்பாற்றுகிற அளவுக்கு எதுவும் நிற்கவில்லையாம். உலகம் முழுக்க இன்னமும் தேடுகிறார்களாம்.

"இப்போதைக்கு எங்க கையில இருக்க காவல் ஒண்ணுதாம்மா. சீக்கிரம் திறக்கறது. கொஞ்ச நேரம் காஞ்சிருந்தா அடியும் கொஞ்சம். ரொம்ப நேரம் காஞ்சிருந்தா, மெதுவாத் திறந்தாலும் அதே அடிதான். திறக்காம விட்டா மொத்தமும் போயிரும்."

பிறகு கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டுக் கேட்டது, அவருக்கு வலி எப்போது வந்தது, டீக்கடையில் உட்காரும்போதுதான் என்று நீங்கள் சொன்னதாக இருக்கிறது, நாங்கள் பார்த்த அளவில் அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்திருக்க வேண்டும், காலையில் உங்களிடம் எதுவும் சொல்லவில்லையா என்று.

தெரியாதுங்க என்றேன்.

எழுந்து வந்துவிட்டேன். கதவு வரைக்கும் வந்து திரும்பி, என் கொழுந்தனுக்கு இப்படி இருக்கிறது என்றேன். உட்கார்ந்தால் வலி போகிறது என்றால் இன்னும் முழுதாக அடைக்கவில்லை, சதை காய்கிறதற்கு முன்னாலேயே திறந்துவிடலாம், இன்றைக்கே கூட்டி வாருங்கள் என்றது.

பஸ்ஸில் எங்கள் ஊர் வந்ததே தெரியவில்லை. அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தேன். நல்ல வெயில்.

மே 7, புதன்

சோலையப்பன் வாசல் வழியாகச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ மாவு கேட்டு வந்தார்கள். நல்லவேளை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதி வைக்கிறேன்.

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதையும் சேர்த்து நான் சுமக்க வேண்டும். அதைவிட, நடந்ததைச் சொல்லி அவரிடம் ஏச்சு வாங்குவது லேசு.

மே 9, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் சோலையப்பன் டீக்கடை முக்கில் இருந்தார். அண்ணன் உட்கார்ந்த அதே குழி. ஒரு காலை மடக்கிக் குனிந்து திருகிக்கொண்டிருந்தார். இரண்டு சுற்று திருகிவிட்டு மார்பைத் தடவிக்கொண்டார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். பைப்புக்குள் காற்று போகிற சத்தம் கேட்டது.

"தம்பி, தெறந்ததுனால ஒங்கண்ணன் சாகல" என்றேன்.

"பெறகு?"

"காலையிலேயே எனக்குப் போன் பண்ணுனாக. அடைப்பு மாதிரி இருக்கு பேச்சி, வீட்டுக்கு வந்துரவான்னு கேட்டாக."

அவர் நிமிரவில்லை. வந்துரவா என்று அவர் அண்ணன் இத்தனை வருசத்தில் என்னிடம் கேட்டதே கிடையாது. வேலையை விட்டு வரலாமா என்று பொண்டாட்டியிடம் கேட்கிற ஆள் இல்லை. அது எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும்.

"நான் பைப்புல அடைப்புன்னு நெனச்சேன். எடுத்து விட்டுட்டே வாங்க, தெருவே கொடத்தோட நிக்கிதுன்னேன். சரின்னு வச்சுட்டாக."

சாவியால் வால்வை ஒரு சுற்று மூடினார். திரும்பத் திறந்தார். அண்ணன் கை மாதிரியே இருந்தது.

"நின்னுச்சா?" என்றார்.

"என்னது?"

"தெரு."

என்னைப் பார்க்காமலேதான் கேட்டார். பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிசம் தோன்றியது. அவரும் இந்தத் தெருக்காரர்தானே. அவ்வளவு காலையில் குடத்தோடு யார் நிற்பார்கள் என்று தெரியாதா.

"இல்ல தம்பி. தெருவுல ஒருத்தரும் இல்ல. நாந்தான் அரிசி ஊறப் போட்டிருந்தேன். ஆட்டத் தண்ணி இல்ல."

பைப்பில் காற்று நின்று தண்ணீர் ஓடுகிற சத்தம் வந்தது. அவர் சாவியைக் குழியிலிருந்து உருவினார். டாக்டரம்மா சொன்னதையும் சொல்லி முடித்தேன். போய்த் திறந்துகொள்ளுங்கள், தள்ளிப் போடாதீர்கள், நான் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"போங்க மதினி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மே 13, செவ்வாய்

ஈசுவரி ஒரு பிள்ளையை அனுப்பித் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டாள். அவள் வரவில்லை. சோலையப்பனுக்கு வருகிற வியாழக்கிழமை குழாய் விட்டுப் பார்க்க நாள் கொடுத்து, அப்புறம் அடுத்த வாரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். என்னிடம் அவர்கள் யாரும் சொல்லவில்லை.

மே 19, திங்கள்

விடிந்தும் விடியாமல் டீக்கடைக்காரர் கதவைத் தட்டினார். சோலையப்பனுக்கு வலி வந்துவிட்டது. உட்கார்ந்தும் போகவில்லை. ஈசுவரி கஷாயம் வைக்க அடுப்பைப் பற்ற வைத்தாளாம். அவர்தான், "அடுப்ப அணை, வண்டியக் கூப்பிடு" என்றாராம். வண்டி அப்போதே கிளம்பிவிட்டது.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேனா இல்லையா என்று தெரியாமலே பஸ் ஏறினேன். கையில் மாவு காய்ந்து போய் வெள்ளையாக இருந்தது.

அதே பெஞ்சி. ஒரு ஓரத்தில் ஈசுவரி, மறு ஓரத்தில் நான். நடுவில் யாரோ ஒருவருடைய பை. நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. கேட்க எனக்கு என்ன பாத்தியதை. அந்தப் பையையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

டாக்டரம்மா வெளியே வந்தது. திறந்தாகிவிட்டது என்றது. திறந்ததும் கொஞ்சம் தறிகெட்டு அடித்ததாம். அப்புறம் தானாகவே அடங்கிவிட்டதாம், பயப்படுகிற மாதிரி இல்லையாம், இன்றைக்கு முழுக்க மிசினில் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். ஈசுவரி சுவரில் சாய்ந்து அழுதாள்.

நான் எழுந்து போய், "மெதுவாத் தெறந்தீகளா?" என்று கேட்டேன்.

என்னை அடையாளம் தெரிந்துவிட்டது அதற்கு. "சீக்கிரமாத் திறந்தோம்மா" என்றது.

கிரைண்டரை நிறுத்தாமல்தான் போயிருக்கிறேன். பக்கத்து வீட்டம்மா வந்து நிறுத்தியிருக்கிறது. மாவு சூடேறிக் கெட்டுவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

ஜூன் 12, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டார். நன்றாக இருக்கிறார். என்னோடு பேசுவதில்லை. வாசலில் நான் நின்றால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறார். ஈசுவரி மாவு வேறு இடத்தில் வாங்குகிறாள்.

அவர் மூச்சு வாங்காமல் நடப்பதைப் பார்த்தேன். அது போதும் என்று எழுத நினைக்கிறேன். போதவில்லை. அந்தக் காலையில் வந்துரவா என்றதும் நான் வாங்க என்று சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரரும் இப்படி நடந்துகொண்டிருப்பார். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது.

ஜூலை 4, வெள்ளி

சோலையப்பனை வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். திருகுவதற்கு வேறு ஆளாம். இவர் கூட நின்று சொன்னால் போதுமாம்.

ஜூலை 16, புதன்

தண்ணீர் முறை இன்றைக்கு. காலையில் படியால் அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டேன். இருந்த கடைசித் தண்ணீரைக் குடத்தோடு எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அப்போது போன் அடித்தது. சோலையப்பன். இத்தனை நாள் கழித்து.

"மதினி, அடைப்பு."

அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் சொல்கிற மாதிரியே.

"எங்க?" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு லாரி போனது மட்டும் கேட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். செருப்பைத் தேடினேன்.

"எங்க தம்பி? பைப்புலயா, ஒங்களுக்கா?"

"பைப்புலதான்" என்றார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "டீக்கடை முக்கு. மண்ணு ஏறிக் கெடக்கு. எடுத்து விட நேரமாகும்."

நான் திரும்ப அரிசிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் போனை வைக்கவில்லை.

"அரிசிய ஊறப் போட்றாதீக" என்றார்.

சரி என்றேன். அளந்த அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டினேன்.